கண்ணெதிரே நின்ற கப்பல்

"கப்பல் அங்கேயேதான் நிக்குது. ஏணியும் இறங்கித்தான் இருக்கு. அப்புறம் ஏன்டி நம்மள ஏத்த மாட்டேங்குறாங்க?"

அம்மா என்னிடம் இப்படிக் கேட்டபோது, துறைமுகத்தின் பயணியர் கூடத்துக்கு வெளியே, பூட்டிய கண்ணாடிக் கதவுக்கு முன்னால் பெட்டிகளோடு நின்றுகொண்டிருந்தோம். எனக்குப் பதில் தெரியவில்லை. எங்கள் வீட்டில் பதில் தெரிந்த ஒரே ஆள் அத்தைதான். அவர் அந்த நேரத்தில் கப்பலுக்குள் இருந்தார்.

அத்தை என் அப்பாவுக்கு அக்கா. கல்யாணமான கொஞ்ச நாளிலேயே கணவர் வேறு ஒருத்தியோடு போய்விட்டதால் தம்பி வீட்டுக்கு வந்தவர். வந்த வாரமே துறைமுகத்தில் பயணிகளின் பெட்டிகளுக்கு அட்டை கட்டும் வேலையில் சேர்ந்தார். பிறகு கவுண்டரில் உட்கார்ந்தார். அதற்கும் பிறகு, உல்லாசக் கப்பல் வருகிற நாட்களில் பயணிகள் நுழைகிற வாசலுக்கு அவரே பொறுப்பு. மூன்று மணி ஆனால் கதவைப் பூட்டவேண்டும். கப்பல் கிளம்புவது ஐந்துக்கு. இடைப்பட்ட நேரத்தில் வந்து சேருகிறவர்களிடம் திட்டு வாங்குவதும் அந்த வேலையில் சேர்த்திதான்.

தெருவில் அவருக்கு 'கேட்டம்மா' என்று பெயர். பாசத்தில் வைத்த பெயர் இல்லை. மளிகைக் கடையில் அவர் நுழைந்தால், "கதவைச் சாத்திடப் போறாங்க, சீக்கிரம் வாங்கிட்டுக் கிளம்புங்க" என்று யாராவது ஒருவர் சொல்வார். மற்றவர்கள் சிரிப்பார்கள். அத்தை சாமானை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்.

ஒரு நாள் அவர் மறந்து வைத்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடியைக் கொடுக்கப் போனேன். அப்போதுதான் அந்த வேலையை நேரில் பார்த்தேன். கதவு பூட்டியிருந்தது. வெளியே ஒரு குடும்பம். அந்த ஆள் கண்ணாடியில் கையால் அடித்துக்கொண்டிருந்தார்.

"கப்பல் கண்ணுக்குத் தெரியுதுல்ல? திற."

"கதவு மூடியாச்சு சார். அடுத்த துறைமுகத்துல போய் ஏறிக்கலாம். யார்கிட்ட கேக்கணும்னு இந்த அட்டையில இருக்கு."

"எனக்கு அட்டை வேணாம். கதவைத் திற."

"முடியாது சார்."

அவர் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் கண்ணாடி மேல் எறிந்தார். கூட வந்த அம்மாள், "நீ நல்லாவே இருக்க மாட்ட. உன் குடும்பமும் ஒரு நாள் இப்படி நடுத்தெருவுல நிக்கும், பாரு" என்றார். அத்தை உள்பக்கமாக நின்று அவர்கள் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்துக் கதவு வழியாக வெளியே வந்து துணியால் கண்ணாடியைத் துடைத்தார். என்னிடம் மூக்குக் கண்ணாடியை வாங்கிக்கொண்டு, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டிலும் அவர் அப்படித்தான். எங்கே கிளம்பினாலும் முதல் ஆளாக வாசலில் செருப்புப் போட்டு நிற்பார். அப்பாவுக்கு அது பிடிக்காது. "இவளைக் கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போனா, பந்தல் போடுறவனுக்குக் கயிறு எடுத்துக் குடுக்கலாம்" என்பார். அம்மா ஒரு படி மேலே போவார். "சீக்கிரம் போய் என்னத்தைக் கண்டாங்க அண்ணி? கட்டினவரும் சீக்கிரமாத்தானே போனாரு." இதை அத்தையின் காதுபடவே சொல்வார். அத்தை சமைத்த சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டே சொல்வார்.

அப்பாவுக்குப் படகுத்துறைக்கு எதிரே சைக்கிள் கடை. அக்கரைக்குப் போகிற படகு கிளம்புவதற்கு முன் மூன்று தடவை ஊதும். முதல் ஊதலுக்குக் கையிலிருக்கிற கிரீஸைத் துடைக்கலாம். இரண்டாவதுக்கு நடக்க ஆரம்பிக்கலாம். மூன்றாவதுக்குத் தாவி ஏறலாம். எங்கள் தெருவில் எல்லோருமே இப்படித்தான் போய்வருகிறார்கள். கடிகாரம் பார்த்துப் படகு பிடித்தவர் யாரும் இல்லை. உல்லாசக் கப்பலும் ஊதும்; ஆனால் கயிற்றை அவிழ்க்கிற நேரத்தில்தான் ஊதும். இது எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. ஏனென்றால் எங்கள் தெருவிலிருந்து யாரும் அதில் போனதில்லை. மொட்டை மாடியில் நின்று பார்த்ததோடு சரி.

அத்தை ஓய்வு பெற்றபோது கப்பல் நிறுவனம் இரண்டு அறைகளைக் கொடுத்தது. நான்கு பேர் நான்கு இரவுகள் போய்வரலாம். அப்பா உடனே அதைத் தன் பயணமாக ஆக்கிக்கொண்டார். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "குடும்பத்தோட கப்பல்ல போறோம்" என்று சொன்னார். அக்காவின் பெயரைச் சொல்லவில்லை.

அத்தை என்னிடம் மட்டும் ஒன்று சொன்னார். "இத்தனை வருஷம் வாசல்லயே நின்னாச்சு. ஏணிக்கு அந்தப் பக்கம் என்னை விட்டதே இல்ல. உள்ள எப்படி இருக்கும்னு ஒரே ஒரு தடவை பாத்துடணும்." அவர் தனக்காக ஒன்றைக் கேட்டு நான் கேள்விப்பட்டது அதுதான் முதல் தடவை.

கிளம்புகிற நாள் காலையிலேயே சண்டை தொடங்கியது. அப்பா எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் ஒரே பையில் போட்டுத் தன் தோளில் மாட்டிக்கொண்டார். அத்தையிடமும் கேட்டார்.

"என்னுது என்கிட்டயே இருக்கட்டும்."

"நான் என்ன தொலைச்சுடுவேனா?"

"நீ தொலைப்பேன்னு சொல்லல. என்கிட்ட இருக்கட்டும்னு சொன்னேன்."

"என் வீட்டுல இருந்துக்கிட்டு என்னையே நம்ப மாட்டா. பாத்துக்கோ" என்று அப்பா அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

பத்து மணிக்கே போய்விடலாம் என்றார் அத்தை. அப்பா மாடியைக் கை காட்டினார். "மேல ஏறிப் பாரு. கப்பல் நம்ம வீட்டுல இருந்தே தெரியுது. ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன் வேணா விடியக்காலைல கிளம்பட்டும். முதல் ஊதல் ஊதட்டும், கிளம்பலாம்."

"அது படகு இல்லடா. ஊதினா முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம்."

"கதவு சாத்துற உனக்குக் கப்பல் ஓட்டவும் தெரியுமா?"

அம்மா சிரித்தார். அதன்பிறகு நிதானமாகப் புடவைகளுக்கு இஸ்திரி போட்டார். அத்தை செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்து வரவில்லை. கடைசியில் வேன்காரர், "இதுக்கு மேல காத்திருக்க முடியாது, வேற சவாரி இருக்கு" என்று சத்தம் போட்டதால்தான் அப்பா எழுந்தார். ஊதல் இன்னும் ஊதவில்லையே என்று முணுமுணுத்துக்கொண்டேதான் வேனில் ஏறினார்.

கப்பல் வருகிற நாளில் துறைமுகச் சாலை எப்படி இருக்கும் என்பது அத்தைக்குத் தெரியும். பேருந்துகள், சாமான் லாரிகள், டாக்சிகள் எல்லாம் அந்த ஒரே சாலையில்தான். எங்கள் வேன் மேம்பாலத்தின் மேல் நின்றது. அங்கிருந்து பார்த்தால் கப்பலின் ஜன்னல் திரைகள்கூடத் தெரிந்தன. வேன் நகரவில்லை.

அத்தை கதவைத் திறந்தார். "நடந்துடலாம். பெட்டிய எடுத்துக்கிட்டு எல்லாரும் இறங்குங்க."

"இந்த வெயில்லயா? எனக்குக் காலு வலிக்கும்" என்றார் அம்மா.

"பாப்பாவோட பாஸ்போர்ட்டையாவது குடு. அவளை நான் கூட்டிட்டுப் போறேன்" என்று அத்தை என்னைக் காட்டினார்.

அப்பா பையை மார்போடு அணைத்துக்கொண்டார். "யாரும் பிரிஞ்சு போகக் கூடாது. ஏறினா எல்லாரும் ஒண்ணா ஏறணும். உனக்கு அவசரம்னா நீ போ."

அத்தை அவரை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு தன் பெட்டியை இறக்கிக்கொண்டு நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

வேன் நகர்வதாக இல்லை என்று அப்பாவுக்கு உறைக்கச் சற்று நேரம் ஆனது. உறைத்ததும் என்னைப் பிடித்துத் தள்ளினார். "ஓடு. அவ ஆளுங்கதானே அங்க இருக்காங்க? நாங்க வர்ற வரைக்கும் கதவைப் பிடிச்சு வைக்கச் சொல்லு." நான் ஓடினேன். என் பாஸ்போர்ட் அவர் பையில் இருப்பது அவருக்கும் நினைவில்லை, எனக்கும் நினைவில்லை.

கூடத்தில் நான் அத்தையைப் பிடித்தபோது அவர் கவுண்டருக்கு முன்னால் நின்றிருந்தார். உள்பக்கம் நின்ற பெண் அத்தையிடமே வேலை கற்றவள். ஒல்லியாக உயரமாக இருப்பாள் என்பதால் அங்கே எல்லோரும் அவளை ஸ்கேல் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மேடம், மத்தவங்க?"

"மேம்பாலத்துல."

ஸ்கேல் கடிகாரத்தைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "உங்களுக்காகக் கொஞ்ச நேரம் பிடிச்சு வைக்கட்டுமா மேடம்? நான் பாத்துக்கிறேன். யாரும் கேக்க மாட்டாங்க."

அத்தை பதில் சொல்வதற்குள் அவருடைய போன் அடித்தது. அப்பா. போனைக் காதில் வைக்காமலே எனக்குக் கேட்டது.

"பிடிச்சு வைக்கச் சொல்லிட்டியா?"

"இல்ல."

"ஏன்? உன் இடம்தானே அது. ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சு போயிடும்?"

"சொல்ல மாட்டேன்."

"இத்தனை வருஷம் சோறு போட்டேன். அதுக்காவது சொல்லு. இல்லன்னா எனக்கு அக்காவே கிடையாது. திரும்பி வந்து என் வாசப்படியை மிதிக்காத."

அத்தை என்னைப் பார்த்தார். அவர் முகம் இறுகியிருந்தது. சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். "சம்பளக் கவரை உன் கையிலதான் குடுத்தேன். யாருக்கு யார் சோறு போட்டாங்கன்னு பொறுமையா யோசி" என்று சொல்லிவிட்டு போனை அணைத்தார். பிறகு ஸ்கேலிடம் திரும்பி, "எவ்வளவோ பேர் முகத்துக்கு எதிர்ல பூட்டியிருக்கேன். கைக்குழந்தையோட வந்தவளுக்கும் பூட்டியிருக்கேன். நேரம் ஆச்சுன்னா பூட்டு" என்றார்.

"பாப்பா?" என்று ஸ்கேல் என்னைக் காட்டினாள். "பாஸ்போர்ட் இருக்கா?"

"அப்பாகிட்ட."

அத்தை என் தலையில் கை வைத்தார். "கோபமா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா இல்லை என்றா என்று எனக்கே தெரியாது. அவர் பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். ஸ்கேல் என்னை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டினாள்.

அவர் செய்ததில் விதி எவ்வளவு, ஆத்திரம் எவ்வளவு என்று பலமுறை யோசித்திருக்கிறேன். இரண்டும் இருந்திருக்கும்.

அப்பாவும் அம்மாவும் பெட்டிகளை இழுத்துக்கொண்டு வியர்வையில் நனைந்து வந்தபோது கதவு பூட்டிச் சிறிது நேரம்தான் ஆகியிருந்தது. அப்பா கண்ணாடியில் அடித்தார். ஸ்கேலைச் சொல்லக் கூடாத வார்த்தைகளில் திட்டினார். "கப்பல் நிக்குது, கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு?" என்றார். ஸ்கேல் கண்ணாடி இடுக்கின் வழியாக ஓர் அட்டையை நீட்டினாள். "அடுத்த துறைமுகத்துல போய் ஏறிக்கலாம் சார்." அத்தையின் குரலே வந்தது போல இருந்தது. அப்பா அட்டையைக் கிழித்துப் போட்டார்.

அப்போதுதான் அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டார்.

நாங்கள் வீட்டுக்குப் போகவில்லை. கப்பல் நின்றுகொண்டிருக்கும்போது போக யாருக்கும் மனம் வரவில்லை. எப்படியும் திறப்பார்கள் என்று அப்பா பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் கப்பல் ஊதியது. காலையிலிருந்து அவர் காத்திருந்த ஊதல். பழக்கத்தில் எழுந்து நின்று பெட்டியின் பிடியைக் கையில் எடுத்துவிட்டார். கப்பல் கரையை விட்டு நகர ஆரம்பித்திருந்தது. அம்மா அவரைப் பார்த்த பார்வையை நான் எழுத விரும்பவில்லை.

அத்தை திரும்பி வந்த அன்று அவருடைய துணிகளும் பாத்திரங்களும் அட்டைப் பெட்டிகளில் கட்டி நடையில் வைக்கப்பட்டிருந்தன. அம்மா சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. அப்பா கடையிலிருந்து வரவில்லை. அத்தை ஒரு கேள்வியும் கேட்காமல் ஆட்டோவைக் கூப்பிட்டார். நான் பெட்டிகளை ஏற்றினேன். இப்போது துறைமுகத்துக்குப் பின்னால், சலவைக் கடை மாடியில் ஒரு அறையில் இருக்கிறார். நீராவி வாசம் வந்துகொண்டே இருக்கும். அவர் வீட்டுக்குப் போகிறேன் என்று தெரிந்தால் அப்பா என்னோடும் பேச மாட்டார். போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

அம்மாவின் கேள்வியை அங்கே வைத்து அவரிடம் கேட்டேன்.

"கதவு பூட்டின உடனே உள்ள இருக்கிறவங்க பேரெல்லாம் அதிகாரிங்களுக்குப் போயிடும். அதுக்கப்புறம் ஒரு ஆள் கூடினாலும் எல்லாத்தையும் முதல்ல இருந்து பண்ணணும். சாமான் ஏத்தி முடிக்கணும், ஏணியை எடுக்கணும், வழிகாட்டுற படகு சொன்ன நேரத்துக்கு வந்து நிக்கும். அந்த ரெண்டு மணி நேரமும் அதுக்குத்தான். வெளிய இருந்து பாக்கிறவங்களுக்கு நிக்கிற மாதிரி தெரியும். உள்ள ஒரு ஆளுக்கும் உக்கார நேரம் இருக்காது."

"உள்ள எப்படி அத்தை இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். பிறகு, "ரெண்டாவது அறையோட சாவி நாலு நாளும் என்கிட்டயே இருந்துச்சு. யாரும் திறக்கல" என்றார்.

இதைப் படித்தவர்கள் இன்னொருவருக்குச் சொல்லுங்கள். முக்கியமாக, ஜன்னலைத் திறந்தால் கப்பல் தெரிகிற வீடுகளில் இருப்பவர்களுக்குச் சொல்லுங்கள். தூரத்தில் இருப்பவர்கள் நேரத்துக்கு வந்துவிடுகிறார்கள். கிளம்பும் நேரம் வேறு, கதவு பூட்டும் நேரம் வேறு என்று சொல்லுங்கள். பாஸ்போர்ட்டை அவரவர் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். படகுத்துறைப் பக்கம் போனால், எதிரே இருக்கிற சைக்கிள் கடைக்காரரிடமும் சொல்லுங்கள். நான் சொன்னால் அவர் கேட்பதில்லை.