அடைப்புக்குறிக்குள் இருந்தவர்கள்

அவளுடைய அப்பா மைக்செட் வாடகைக்கு விடுபவர். எந்தக் கட்சிக் கூட்டமானாலும் மேடைக்குப் பக்கவாட்டில் ஒரு மரப்பெட்டியின்மேல் ஆம்ப்ளிஃபையரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பள்ளி விட்டதும் மகளும் அங்கே வந்துவிடுவாள். மேடைப் பேச்சு அவள் காதில் ஏறாது. பின்வரிசையிலிருந்து திடீரென்று யாராவது, "போன தடவையும் இதைத்தானய்யா சொன்னீங்க!" என்று கத்துவார்கள். கூட்டம் கொல்லென்று சிரிக்கும். பேசுகிறவர் ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பார். கத்தியவர் யார் என்று அவள் பெட்டிமேல் ஏறி எட்டிப் பார்ப்பாள்.

மறுநாள் செய்தித்தாளில் பேச்சு முழுவதும் வந்திருக்கும். கத்தியவர் வந்திருக்க மாட்டார்.

"அந்த ஆள் சொன்னதை ஏம்ப்பா போடல?"

"அவர்கிட்ட மைக் இல்லையேம்மா."

மைக்செட்காரருக்கு அது முழுமையான பதில். மகளுக்குப் போதவில்லை. ஆனால் அவள் அதற்குமேல் கேட்கவும் இல்லை. எதையும் இரண்டாம் முறை கேட்கிற பழக்கம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே கிடையாது. பள்ளியில், கல்லூரியில், பிறகு வேலைக்குப் போன இடத்தில், எங்கேயும் அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

வரலாறு படித்தாள். முதுகலையில் மேற்கு நாடுகளின் அரசியல் பண்பாடு என்றொரு பாடம். அதற்காகப் பல்கலைக்கழக நூலகத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் செய்தித்தாள்களின் மைக்ரோஃபிலிம் சுருளைக் கருவியில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அந்தக் காலத்து நிருபர்கள் பேச்சோடு நிற்கவில்லை. பேச்சின் நடுவே அடைப்புக்குறி போட்டு, கூட்டத்தில் நடந்ததையும் எழுதியிருந்தார்கள். (சிரிப்பு.) (கூச்சல்.) (ஒரு குரல்: ரொட்டி விலை என்ன, அதைச் சொல்லும்!)

சிறுமியாகப் பெட்டிமேல் ஏறி அவள் தேடியவர்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள்.

அதுவே அவளுடைய ஆய்வாயிற்று. அந்த நாட்டில் அப்போது பெரும்பாலான ஆண்களுக்கு ஓட்டு இல்லை. பெண்களுக்கு அறவே இல்லை. ஆனால் வேட்பாளர்கள் தெருவில் மரமேடை கட்டி ஏறி நிற்கும்போது கீழே யார் வேண்டுமானாலும் வந்து நிற்கலாம். ஓட்டுப்பதிவுக்கு முன்னால் கை தூக்கச் சொல்வார்கள். தூக்குகிற கைக்கு ஓட்டு இருக்கிறதா என்று யாரும் சோதிப்பதில்லை. ஓட்டு இல்லாதவர்களுக்கு இருந்ததெல்லாம் அந்தக் கையும் தொண்டையும்தான். 1872இல் ரகசிய வாக்குச் சட்டம் வந்ததோடு அந்த மேடையும் போயிற்று. கூட்டங்களில் கத்துவது மட்டும் நின்றபாடில்லை. குறுக்கே கத்தியவர்களின் வரலாற்றை எழுதுவதென்று அவள் முடிவு செய்தாள்.

பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறையிலேயே ஆசிரியையாகச் சேர்ந்தாள். அவள் ஆய்வு செய்த விதம் சக ஆசிரியர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. பேச்சை விட்டுவிட்டு அடைப்புக்குறிக்குள் இருப்பதை மட்டும் படிப்பாள். படித்ததை ஊர்வாரியாகப் பிரித்து வைப்பாள். "கடலையைக் கீழ கொட்டிட்டுப் பொட்டலத்தைப் படிக்கிற ஆளுப்பா இவங்க" என்பார் துறையின் மூத்த ஆசிரியர். அவள் சிரித்துக்கொள்வாள்.

வீட்டில் கணவர், அவருடைய தங்கை, அவள் என்று மூன்று பேர். கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவர்கள் குடியிருந்த மூன்றாம் மாடிக்கு லிஃப்ட் கிடையாது என்பதைத் தங்கை தினமும் ஒரு தடவையாவது சொல்லிக்காட்டாமல் விடமாட்டாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் நாத்தனாருக்கு வாய் கொஞ்சம் நீளம். தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவருக்குக்கூட உடனுக்குடன் பதில் சொல்லுவாள். "உன் ஆராய்ச்சிக்கு நூலகம் எதுக்கு? குறுக்கே பேசுறதுக்கு வீட்டுலயே ஒண்ணை வளர்த்து வெச்சிருக்கோமே" என்பார் கணவர்.

"அண்ணி, அவரை நம்பாதீங்க. நான் பேசாட்டி இந்த வீட்டுல சுவர்க்கடிகாரம் மட்டும்தான் பேசும்."

பல வருஷங்களாக அவள் தற்காலிக ஆசிரியை. ஒவ்வொரு கல்வியாண்டும் புது ஒப்பந்தம். அலுவலகத்தில் சிலர் அவளுக்கு வைத்திருந்த பெயரே 'தற்காலிகம்'தான். இந்த ஆண்டு புது விதி வந்தது: ஆண்டு முடிவதற்குள் முனைவர் பட்டம் பெறுகிறவர்களுக்கு நிரந்தரப் பணி, பெறாதவர்களுக்கு ஒப்பந்தம் கிடையாது. ஆய்வேட்டைக் கொடுத்தாயிற்று. வாய்மொழித் தேர்வு ஒன்றுதான் பாக்கி. அதில் வெளியிலிருந்து வரும் புறத்தேர்வாளர் கையெழுத்துப் போட்டால் வேலை நிலைக்கும், போடாவிட்டால் போகும்.

வாய்மொழித் தேர்வு பொதுவில் நடக்கும். யாரும் வந்து உட்காரலாம், யாரும் கேள்வி கேட்கலாம். விதி அப்படி. ஆனால் அந்தத் துறையில் விதிக்குப் பக்கத்தில் ஒரு வழக்கமும் இருந்தது. அதற்குப் பெயர் 'சீட்டு'. கேட்க வேண்டிய கேள்விகளை, ஆய்வுக்கு வழிகாட்டும் நெறியாளரே தம் கையால் துண்டுத்தாள்களில் எழுதி, முன்வரிசையில் உட்காருகிறவர்களுக்கு முதல்நாளே கொடுத்துவிடுவார். தாளின் முன்பக்கம் கேள்வி. பின்பக்கம் பதிலின் சுருக்கம். பதில் முடிந்துவிட்டது என்று கேட்டவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா? தெரிந்ததும் "நன்றி, திருப்தி" என்று உட்கார்ந்துவிடுவார்.

நெறியாளர் கெட்டவர் இல்லை. எப்போதோ ஒரு தேர்வில், வெளியிலிருந்து வந்த யாரோ ஒருவர் கேட்ட கேள்விக்கு அவருடைய மாணவர் ஒருவர் பதில் தெரியாமல் மேடையிலேயே மயங்கி விழுந்தார். அதற்குப் பிறகு ஆரம்பித்தது இந்த வழக்கம்.

"சார், என் ஆய்வே கூட்டத்துல குறுக்கே கேட்டவங்களைப் பத்தினது. அதுக்குச் சீட்டு..." என்று அவள் இழுத்தாள்.

"ஆய்வு வேறம்மா, தேர்வு வேற. கையெழுத்து விழட்டும். அப்புறம் யார் வேணும்னாலும் என்ன வேணும்னாலும் கத்தட்டும்."

வழக்கம்போல அவள் இரண்டாம் முறை கேட்கவில்லை.

தேர்வன்று கணவர் விடுப்பு எடுத்திருந்தார். படியில் இறங்கும்போதே தங்கையிடம் சொன்னார்: "அங்க வந்து வாயைத் திறந்தேன்னு வை, அப்புறம் இருக்கு."

"நான் என்ன பச்சைக் குழந்தையா? மூச்சு விடலாமா, அதுக்காவது அனுமதி உண்டா?"

கருத்தரங்க அறையில் பச்சை விரிப்புப் போட்ட மேசை, தண்ணீர்க் குடுவை, வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். மின்விசிறி ஒன்று கிறீச்சென்று சுற்றிக்கொண்டிருந்தது. புறத்தேர்வாளர் வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த அம்மாள்; மெலிந்த உடல், அதிகம் பேசாதவர். ஆய்வேட்டில் ஏகப்பட்ட இடங்களில் காகித நறுக்குகளைச் செருகி வைத்திருந்தார்.

அவள் ஆய்வுச் சுருக்கத்தைத் தடுமாறாமல் சொல்லி முடித்தாள். முதல் சீட்டைக் கேட்டவர் மூத்த ஆசிரியர், பழகின கை. நாடகம்போல யோசித்து, கண்ணாடியைக் கழற்றி, கேட்டார். அவள் பதில் சொன்னாள். "நன்றி, திருப்தி."

இரண்டாவது சீட்டு பொருளாதாரத் துறைக்காரரிடம் இருந்தது. அவர் அந்த மாதம்தான் வேலையில் சேர்ந்தவர். துறையின் வழக்கமெல்லாம் அவருக்குத் தெரியாது. கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்கிற மனிதர். எழுந்து நின்று, சீட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்து, கணீரென்று படித்தார்:

"குறுக்கே கத்தியவர்களைச் செய்தித்தாள்கள் ஏன் பதிவு செய்தன? பின்பக்கம் பார்க்கவும்."

தாளைத் திருப்பினார்.

"ஏனென்றால், கூட்டத்தின் சுவாரஸ்யம் பத்திரிகை விற்பனைக்கு உதவியது, இரண்டாவதாக, எதிர்க்கட்சிப் பத்திரிகைகள் வேட்பாளரை மட்டம் தட்ட விரும்பின. நன்றி, திருப்தி."

உட்கார்ந்துவிட்டார்.

பின்வரிசை மாணவர்கள் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் வெடித்தார்கள். மூத்த ஆசிரியர் கூரையைப் பார்த்தார். நெறியாளரின் முகம் வெளுத்துப்போயிற்று. அவள் மேசை விரிப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். தன் வேலை அந்தச் சிரிப்பிலேயே போய்விட்டது என்று அவளுக்குத் தோன்றியது.

புறத்தேர்வாளர் சிரிக்கவில்லை. "இன்னும் எத்தனை சீட்டு இருக்கு?" என்று கேட்டார்.

முன்வரிசையில் ஒருவர் தம் தாளை மடியில் கவிழ்த்தார். புறத்தேர்வாளர் அவள் பக்கம் திரும்பினார்.

"இல்ல, உங்க நாலாவது அத்தியாயத்துல, வேட்பாளர்கள் தங்களுக்குச் சாதகமா கேள்வி கேட்கச் சொந்த ஆளைக் கூட்டத்துல உட்கார வெச்சதைப் பத்தி ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. 'அத்தகைய கூட்டத்தைப் பொதுக்கூட்டம் என்று அழைப்பதற்கில்லை'ன்னு முடிச்சிருக்கீங்க. அதான் கேட்டேன்."

நெறியாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அடுத்த கட்டத்துக்குப் போயிடலாம்" என்றார். அவளைப் பார்த்து, பேசாமல் இரு என்பதுபோலக் கண்ணைக் காட்டினார். அப்படியே விட்டிருந்தால் ஒருவேளை சங்கடத்தோடு சங்கடமாகக் காரியம் முடிந்திருக்கும். அந்த அம்மாளும் ஏதோ ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டு ரயிலைப் பிடித்திருப்பார்.

அவள் எழுந்து நின்றாள்.

"மன்னிக்கணும் சார்" என்றாள் நெறியாளரிடம். பிறகு அவையைப் பார்த்து, "சீட்டு வெச்சிருக்கிறவங்க தயவுசெஞ்சு மடிச்சு வெச்சிடுங்க. சீட்டு இல்லாதவங்க யாராவது கேளுங்க. என்ன வேணும்னாலும் கேளுங்க" என்றாள். குரல் பின்வரிசைவரை கேட்டது.

கேட்கச் சொன்னால் யாருக்குத்தான் உடனே கேள்வி வரும்? மாணவர்கள் ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். புறத்தேர்வாளர் பேனாவின் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

ஓரத்து நாற்காலியில் ஒரு சலசலப்பு. நாத்தனார் எழுந்திருக்கப் பார்க்க, அண்ணன்காரர் அவள் கைப்பையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

"விடுண்ணா. அண்ணியே கேட்கச் சொல்றாங்க." பையை அவரிடமே விட்டுவிட்டு எழுந்தாள். "எனக்கு ஒரு சந்தேகம். இவ்வளவு வருஷமா இந்தக் கத்தினவங்களைப் பத்தி வீட்டுல கேட்டுட்டு இருக்கேன். ஒருத்தர் ரொட்டி விலையைக் கேட்டார், ஒருத்தர் கூலியைக் கேட்டார். சரி. அதுல யாருக்காவது கேட்டது கிடைச்சுதா? இல்ல, கத்தினதோட சரியா?"

மாணவர்கள் சிரிக்கவில்லை. புறத்தேர்வாளர் நாற்காலியை லேசாகத் திருப்பி, கேட்டவளை நன்றாகப் பார்த்தார்.

தன் ஆய்வேட்டில் அதற்குப் பதில் இல்லை என்பது மேசையருகே நின்றவளுக்குத் தெரியும். யார் கத்தினார்கள், எங்கே கத்தினார்கள், எதைப் பற்றிக் கத்தினார்கள் என்பதெல்லாம் இருந்தன. என்ன ஆயிற்று என்பது இல்லை. கேட்பவருக்குத் திருப்தியாக எதையாவது சொல்லிவிட அவளால் முடியும். நாத்தனார் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவாள்.

"தெரியாது" என்றாள்.

நெறியாளர் கண்ணை மூடிக்கொண்டார்.

"தெரியாதுங்கிறதை முழுசா சொல்லிடறேன். 1905ல ஒரு அரசியல் கூட்டத்துல ரெண்டு பெண்கள் எழுந்து, நீங்க ஆட்சிக்கு வந்தா பெண்களுக்கு ஓட்டு கொடுப்பீங்களான்னு கேட்டாங்க. பதில் வரல. திரும்பக் கேட்டாங்க. தூக்கி வெளியே போட்டாங்க. 1918ல ஒரு பகுதிப் பெண்களுக்கு ஓட்டு கிடைச்சுது. இதைச் சொல்லி, பாரு, கத்தினது பலிச்சுதுன்னு நான் உட்கார்ந்துடலாம். ஆனா நடுவுல ஒரு பெரிய போர் நடந்திருக்கு. வேற விதமா, கத்தாம, வருஷக்கணக்கா மனு எழுதிப் போட்டவங்க இருக்காங்க. எதனால எது வந்ததுன்னு பிரிச்சுச் சொல்ல என்கிட்ட ஆதாரம் இல்ல. கத்தின சத்தத்தை மட்டும்தான் நான் சேர்த்தேன். அது யார் காதுல விழுந்து என்ன செஞ்சுதுன்னு தேடல. தேடியிருக்கணும். அது என் ஆய்வோட குறை."

"அப்போ தேடினா கிடைக்குமா?" நாத்தனார் விடுவதாக இல்லை.

"சில ஊர்கள்ல கிடைக்கலாம். அதே வேட்பாளர் அடுத்த கூட்டத்துல என்ன பேசினார்னு பார்க்கணும். முதல் ஊர்ல ரொட்டி விலையைப் பத்தி வாயே திறக்காதவர், ரெண்டாவது ஊர்ல அவராவே அதைப் பேசினாரான்னு..." சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள். அது அந்த நொடியில்தான் அவளுக்கே தோன்றியது.

"உட்காருங்கம்மா" என்று அவளிடம் சொன்னார் புறத்தேர்வாளர். நறுக்குகள் செருகியிருந்த பக்கங்களைப் புரட்டி, ஒவ்வொரு நறுக்காக உருவி மேசையில் வைத்தார். "நான் ஒரு மூட்டை கேள்வி கொண்டுவந்தேன். பாதி, அந்தப் பொண்ணு கேட்டதையே சுத்தி வளைச்சுக் கேட்கிறதுதான். மீதி எழுத்துப்பிழை." நெறியாளரிடம் கை நீட்டினார். "படிவத்தைக் கொடுங்க சார். பட்டத்துக்குப் பரிந்துரை பண்றேன். அந்தச் சீட்டு விஷயத்தைப் பத்தி உங்ககிட்ட தனியா ரெண்டு வார்த்தை பேசணும்."

கையெழுத்து விழுந்தது. பொருளாதாரக்காரர்தான் முதலில் கைதட்டினார். எதற்காக முதலில் சிரித்தார்கள், எதற்காக இப்போது தட்டுகிறார்கள் என்று அவருக்குக் கடைசிவரை புரியவில்லை.

தேநீரும் பிஸ்கட்டும் வந்தன. ஆட்கள் கலைந்தார்கள். புறத்தேர்வாளர் நெறியாளரோடு ஜன்னலோரமாய் நின்று பேசிவிட்டு ரயிலுக்குக் கிளம்பினார். அது இரண்டு வார்த்தையில் முடிந்ததாகத் தெரியவில்லை. அவள் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது நெறியாளர் எதிரில் வந்து உட்கார்ந்தார். திட்டுவார் என்று நினைத்தாள்.

"அந்த ரெண்டாவது ஊர் விஷயம்..." என்றார். "முன்னாடியே யோசிச்சு வெச்சிருந்தியா?"

"இல்ல சார். அங்க நின்னப்போதான்."

"ம்." பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தவர், அதை எடுக்க மறந்துவிட்டார். "ஆனா ஒரு சிக்கல் இருக்கு பாரு. வேட்பாளர் பேச்சை மாத்தினார்னா, கத்தினவனுக்குப் பயந்து மாத்தினாரா, இல்ல ரெண்டாவது ஊர்ல நிஜமாவே ரொட்டி விலை ஜாஸ்தியான்னு எப்படிச் சொல்லுவே?"

"சந்தை விலையும் அதே பத்திரிகையில வரும் சார், கடைசிப் பக்கத்துல."

"வருமா?"

"வாராவாரம் வரும்."

நெறியாளர் நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் பக்க எண், படிவம், கடைசித் தேதி தவிர வேறெதையும் பற்றி இப்படிக் கேட்டதில்லை. அவள் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து ஊர்களின் பெயர்களை எழுதத் தொடங்கினாள். அவர் ஒன்றின்மேல் விரலை வைத்து, "இந்த ஊர்ல பத்திரிகை ரெண்டு. அதையும் பாரு" என்றார். அவள், "அது பின்னால வந்தது சார், அந்தத் தேர்தலப்போ ஒண்ணுதான்" என்று மறுத்துச் சொன்னாள். அவர் வாதாடினார், அவளும் விடவில்லை.

கதவருகே கைப்பையோடு கணவர் நின்றிருந்தார். "இன்னும் முடியலையா? அதான் கையெழுத்துப் போட்டாச்சே?"

"இப்பதாண்ணா ஆரம்பிக்குது" என்ற நாத்தனார், வெளியே மாணவர்களோடு தேநீர் குடிக்கப் போய்விட்டாள்.