விளக்குப் போடாத மரம்

போன டிசம்பரில் என் தங்கை ரவிக்கைக் கப்பில் கிறிஸ்துமஸ் மணி செய்தாள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு தையல்கடையில் பல வருடம் ரவிக்கை தைத்தவள். நோய் வந்து ஒரு மார்பை எடுத்த பிறகு வேலையை விட்டுவிட்டு, கிள்ளானில் அம்மாவோடும் என்னோடும் வந்து தங்கினாள். கூடவே ஒரு பிஸ்கட் டின் நிறைய மிச்சம்மீதி: பட்டுத் துண்டு, ஜரிகை, பாசிமணி, ரவிக்கைக்குள் வைத்துத் தைக்கும் பஞ்சுக் கப்.

கப்பைக் கவிழ்த்தால் மணி. மேலே பட்டைப் போர்த்தி, விளிம்பில் ஜரிகை ஓட்டி, நாக்குக்கு ஒரு பாசிமணியைத் தொங்கவிடுவாள். மருந்தினால் விரல் நுனியெல்லாம் மரத்துப்போயிருந்தது. ஊசி குத்தினாலும் தெரியாது. துணியில் ரத்தம் பட்ட பிறகுதான் பார்ப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடையில் வாங்கினால் ஆயிற்று, எதற்கு இந்தப் பாடு என்று கத்தினேன்.

"எனக்கு இனிமே ஒன்னுதான் வேணும். ஜோடியில மிச்சம் மணியா போவட்டுமேக்கா," என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கிறிஸ்துமஸ் மரத்தில் மாட்ட நான் ஒன்றை எடுத்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இது இந்த வருசத்துக்கு இல்ல. அடுத்த வருசம் துக்க வீடுன்னு ஸ்டார்கூட போட மாட்டீங்க, எனக்குத் தெரியாதா? இத மட்டும் மாட்டிடு லா."

வாயை மூடு என்றேன்.

தவக்காலம் தொடங்குமுன் போய்விட்டாள்.

எங்கள் வழக்கத்தில் சாவு விழுந்த வீட்டுக்கு முதல் கிறிஸ்துமஸ் கிடையாது. வாசலில் நட்சத்திரம் கட்டுவதில்லை, பலகாரம் சுடுவதில்லை. பூசைக்குப் போய்வந்து கதவைச் சாத்திக்கொள்வதுதான். இந்த டிசம்பரில் நான் ஸ்டோர் ரூமிலிருந்து பிளாஸ்டிக் மரத்தை இழுத்துவந்ததும் அம்மா சீறினார்.

"புள்ள போயி ஒரு வருசம் ஆவல, அதுக்குள்ள மரமா? கோயில்ல நாலு பேரு மூஞ்சில முழிக்க வேணாமா?"

தங்கை கேட்டதைச் சொன்னேன். டின்னைத் திறந்து வைத்தேன். அம்மா ஒரு மணியை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார். "கப்பா? மாதா படத்துக்குப் பக்கத்துலயா?" என்று ஆரம்பித்தவர், உள்ளே காய்ந்திருந்த ரத்தப் பொட்டைக் கண்டதும் நிறுத்திவிட்டார். அதைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "மாட்டு. லைட்டு மட்டும் போடாத," என்றார்.

எல்லாவற்றையும் மாட்டினேன். இருட்டிய கூடத்தில் மரம் கறுப்பாக நின்றது. மணி எது, கிளை எது என்றே தெரியவில்லை. இப்படி ஒரு வேலையை என் தலையில் கட்டிவிட்டுப் போனவள்மேல் ஆத்திரமாக வந்தது. அம்மாவும் நானும் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தோம்.

எதிர்வீட்டு வாசலில் நட்சத்திரத்தை எரியவிட்டார்கள். சன்னல் திரை இடுக்கு வழியாக வெளிச்சம் வந்து ஒரே ஒரு மணியின் ஜரிகையில் விழுந்தது. அம்மா எழுந்தார். இழுத்து மூடப்போகிறார் என்று நினைத்தேன். திரையை முழுவதுமாக விலக்கிவிட்டு, அங்கேயே நின்று சத்தம் போட்டு அழுதார்.