வேப்பஞ்சேலைக்குள் வண்டு

எனக்கு டெங்குக் காய்ச்சல் வந்தபோது, பிழைத்தால் வேப்பஞ்சேலை கட்டி வலம்வரச் செய்கிறேன் என்று அம்மா மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேர்ந்துகொண்டது அவள், கட்டிக்கொள்ள வேண்டியது நான்.

சித்திரைத் திருவிழாவுக்கு முந்தின நாள் கல்வராயன் மலைப் பக்கமிருந்து கோடை மழை வந்து போயிருந்தது. பொழுது சாய்ந்ததும் எங்கள் வரப்பு வேம்பிலிருந்து தூறல் விழுவதுபோல் சத்தம். காற்றும் இல்லை, மழையும் இல்லை. அம்மா அவசரத்தில் கொத்துக்கொத்தாக ஒடித்து, ஈரச் சாக்கில் சுற்றி வீட்டில் வைத்தாள். மூட்டை விடியும்வரை சரசரத்தது.

"ஓணான் பூந்துக்கினு இருக்கும், தூங்கு" என்றாள்.

காலையில் ஈரப் புடவைக்கு மேல் அந்தத் தழையைச் சுற்றிக் கட்டினார்கள். கோயில் வாசலில் முதுகில் ஏதோ நடந்தது. ஒன்றல்ல. கழுத்து, அக்குள், இடுப்பு, எங்கும் முள்முள்ளாய்க் கால்கள். உதறினேன், அலறினேன். பம்பை வேகமெடுத்தது. "ஆத்தா வந்துட்டா!" என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

பக்கத்து நிலத்து அத்தை என் காலைப் பிடித்துக்கொண்டாள். "தாயே, இந்த வாட்டி கரும்பு தேறுமா? அதுவும் போச்சின்னா நாங்க இன்னா பண்ணுவோம்?"

"வேரைப் பாரு" என்றேனாம். எனக்கு நினைவில் இருப்பது, தரையில் விழுந்த செம்பழுப்பு வண்டுகள் மண்ணைக் கிளறி உள்ளே போய் மறைந்தது மட்டும்தான்.

புரட்டாசியில் அத்தையின் கரும்பு திட்டுத்திட்டாய் மஞ்சளடித்தது. ஒன்றை இழுத்தாள், வேரே இல்லாமல் கையோடு வந்தது. தோண்டினால் பழுப்புத் தலையோடு சுருண்டு கிடந்தன வெள்ளைப் புழுக்கள். ஒன்றை உள்ளங்கையில் ஏந்தி எங்கள் வீட்டுக்கு வந்து, "நீ சொன்ன, நான்தான் பாக்கல" என்று அழுதாள்.

அதன் பிறகுதான் வேளாண்மை அலுவலரிடம் போய்க் கேட்டேன். அன்று என்மேல் ஊர்ந்த வண்டின் புழுதான் இது என்றார். அந்த வண்டு பகலில் மண்ணுக்குள், அந்தியில் வேம்பில். முட்டையிடுவது மண்ணில். புழு வேரைத் தின்று வளர்ந்து, அடுத்த கோடை மழைக்கு வண்டாய் வெளியே வரும். அதனால் இப்போதெல்லாம் முதல் மழை விழுந்த அந்தியில் அத்தையும் நானும் கிளைகளை உலுக்கி, விழுவதைப் பொறுக்கி மண்ணெண்ணெய்த் தண்ணீரில் போடுகிறோம்.

போன கோடையில் அவளிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். சாமியும் இல்லை, பூதமும் இல்லை, வண்டு ஊர்ந்ததில் கத்தினேன், அவ்வளவுதான் என்றேன். அத்தை வாளியைக் கீழே வைத்தாள்.

"இதெல்லாம் நீ அப்புறம்தானே தெரிஞ்சிக்கின?"

"ஆமா அத்தை."

"அப்ப அன்னிக்கு எங்கிட்ட சொன்னது யாரு?"

முதுகில் ஏதோ நடந்தது. தட்டிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை.