கேனுக்குப் பெயர் சூட்டிய கதை

போன வாரம் எங்கள் வீட்டுத் தண்ணீர் கேனுக்குப் பெயர் சூட்டினேன். சிரிக்காதீர்கள்... முழுசாகக் கேளுங்கள்.

ரயில் டிக்கெட் பார்க்கத் தாம்பரத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். டிக்கெட்டைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தேன் — வழக்கம்தானே? ஸ்பெயின் பக்கம் கேட்டலான் என்றொரு மொழி. அதில் பெரிய பாட்டிலுக்கு 'கர்ராஃபா' என்று பெயர். அரபியிலிருந்து வந்திருக்கலாமாம், தண்ணீர் மொள்வதைக் குறிக்கும் வேர்ச்சொல்லாம். ஆங்கிலேயர் கண்ணாடிக் குடுவையைச் சொல்லும் 'கராஃப்' இதற்கு உறவுக்காரனாம். அறிஞர்களுக்கே முழு நிச்சயமில்லை. எனக்கு இருந்தது!

வீட்டுக்கு வந்ததும் பெர்மனென்ட் மார்க்கரை எடுத்தேன். காலியாக இருந்த இருபது லிட்டர் கேனின் வயிற்றில் 'கர்ராஃபா' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். கீழே அம்புக்குறிகள்: அரபி, கேட்டலான், கடைசியில் எங்கள் இரும்புலியூர். தண்ணீர் குடிக்கும்போதே குடும்பத்துக்கு அறிவு வளரட்டுமே!

மறுநாள் காலை கேன் போடும் ஏழுமலை வந்தார்.

"இன்னா சார் இது, கிறுக்கி வெச்சிகீறீங்க? இத்த கம்பெனில வாங்க மாட்டாங்க. நல்ல காலி கேன் குடுத்தாதான் ஃபுல் கேன்."

"ஏழுமலை, இது எங்கிருந்து வந்த வார்த்தை தெரியுமா..."

தெரிந்துகொள்ள அவர் நிற்கவில்லை. வண்டி கிளம்பிவிட்டது.

என் மனைவி எஸ்தர் பள்ளிக்கூட டீச்சர். அந்தக் குரலிலேயே கேட்டாள்: "ஏங்க, சாயந்திரம் ஜெபக்கூட்டத்துக்கு இருபது பேர் வர்றாங்க. போர் தண்ணியில காபி போட்டா பால் திரிஞ்சிடும். என்ன பண்ணப் போறீங்க?"

என்ன பண்ணுவது? தேய்த்தேன். சோப்பு, எலுமிச்சம்பழம், டூத்பேஸ்ட், தேங்காய் நார்... எழுத்து அசைந்தால்தானே? மை என் கைக்கும் பனியனுக்கும் வந்ததே தவிர, கேனை விட்டுப் போகவில்லை. வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

நான்கு மணிக்கு அடுத்த டிரிப் வந்த ஏழுமலை, வாசலில் என் கோலத்தைப் பார்த்தார்.

"பேஜார் பண்ணிக்காத சார். குட்த்துடு, நான் பேசிக்கிறேன்."

கேன் கிடைத்தது. காபி திரியவில்லை. அப்பாடா என்று நானும் பாயில் உட்கார்ந்தேன்.

கடைசி ஜெபத்தை எஸ்தர் ஏறெடுத்தாள்: "ஆண்டவரே, இந்த வீட்டுத் தலைவருக்கு நிறைய அறிவு குடுத்திருக்கீர், ஸ்தோத்திரம். கொஞ்சம் புத்தியும் குடும்."

இருபது பேரும் 'ஆமென்' என்றார்கள். ஆக உரக்கச் சொன்னவன் நான்தான்!