இடுப்பளவுத் தண்ணீர்

கதிர் ஓடிக்கொண்டிருந்தபோது விழவில்லை. ஓட்டத்தை நிறுத்தி, இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கியபோதுதான் விழுந்தான். பந்து மைதானத்தின் மறுகோடியில் இருந்ததால் பலர் பார்க்கவில்லை. வேலிக்கு வெளியே நின்ற நான் பார்த்தேன். முதலில் முழங்கால்கள் மடங்கின. கைகளை ஊன்றாமல் முகங்குப்புறச் சரிந்தான்.

“சீனாக்காரனுக்கு எங்கட வெயில் ஒத்துக்கல்ல போல” என்றான் ஓடிவந்தவர்களில் ஒருவன்.

அதற்குள் கதிர் கண் திறந்திருந்தான். “சீனாக்காரன் ஒங்கட அப்பன்டா. தண்ணி கொண்டா” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு விடயம் முடிந்ததாக நாங்களும் எடுத்துக்கொண்டோம்.

கதிர் என் தம்பி தவராசாவின் மகன்; நான் அவனுக்கு மாமி. தாய் பிலிப்பைன்ஸ் நாட்டவர். கத்தாரில் ஒரே ஹோட்டலில் வேலை செய்தபோது இருவரும் மணம் முடித்தார்கள். பிள்ளை பிறந்து வளர்ந்ததும் அங்கேதான். தாய்க்கு அவன் மிகேல், தகப்பனுக்குக் கதிர். தாயின் நாட்டில் தொழில்முறை உதைபந்தாட்டக்காரனாக நான்கு பருவங்கள் விளையாடினான். அங்கே ரசிகர்கள் அவனை இந்தியன் என்றார்கள். இங்கே சீனாக்காரன்.

இருபத்து நான்கு வயதில் மலேசியக் கழகம் ஒன்று அவனை எடுக்க முன்வந்தது. இலங்கை அணியின் தெரிவுப் பயிற்சிக்கும் அழைப்பு வந்திருந்தது. இடையில் கிடைத்த சில வாரங்களை என்னோடு கழிக்க மட்டக்களப்புக்கு அருகே செங்கலடிக்கு வந்திருந்தான். இலங்கைச் சட்டை கிடைத்தால் முதுகில் ‘கதிர்’ என்று போடச் சொல்வேன் என்று வந்த அன்றே சொன்னான்.

விழுந்த அன்று பக்கத்து வீட்டுப் பெண் கண்ணூறு என்று சொல்லி உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். நான் இளநீர் வெட்டிக் கொடுத்தேன். பிறகு வைத்தியசாலைக்குப் போனது புதுக் கழகம் உடல்தகுதிச் சான்று கேட்டதால்தான். அவன் விழுந்ததற்காக அல்ல.

இதய மின்பதிவில் (இதயத்தின் மின் ஓட்டத்தைக் கோடுகளாக வரையும் பரிசோதனை) ஏதோ சரியில்லை என்றார்கள். பிறகு எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் படமெடுப்பது) செய்தார்கள். இதயத்தின் இடப்பக்கச் சுவர் தடித்திருந்தது.

இதய வைத்தியர் நிதானமாகப் பேசும் பெண். கடும் பயிற்சி எடுப்பவர்களுக்கும் சுவர் தடிக்கும், ஓய்வெடுத்தால் குறையும் என்றார். தடிப்புக்கு மற்றொரு காரணம், இதயத் தசைத் தடிப்பு நோய் (பரம்பரையாக வருவது, இதயத்தின் தாளத்தைத் திடீரெனக் குலைக்கக்கூடியது). அது குறையாது. அந்த நோய் இருந்தால் போட்டி விளையாட்டுக்குத் தன்னால் அனுமதி தர முடியாது என்றார். கதிரின் அளவு இரண்டுக்கும் நடுவே நின்றது.

“உங்கட குடும்பத்தில இளவயசில ஆரும் திடீரெண்டு இறந்திருக்கிறாங்களா? ரெண்டு பக்கமும் கேட்டுச் சொல்லுங்க.”

தாயின் பக்கத்துப் பதில் மறுநாளே வந்தது. அவர் எல்லா ஊர்களிலும் உள்ள சொந்தக்காரரை அழைத்து விசாரித்திருந்தார். அப்படி யாரும் இல்லை. எங்கள் பக்கத்துப் பதிலுக்குத் தொலைபேசியே தேவையில்லை. ஆனாலும் நான் கத்தாரில் இருந்த தவராசாவுக்கு எடுத்தேன்.

“ரகுவைப் பத்திச் சொல்லணுமே” என்றேன்.

ரகு எங்கள் கடைசித் தம்பி. பத்தொன்பது வயதில் வாவியில் போனவன்.

“அவன் தண்ணியில மூழ்கிச் செத்தவன். அதுக்கும் இதுக்கும் என்னக்கா?”

“மூழ்கினானா?”

தவராசாவின் குரல் உயர்ந்தது. “அக்கா, அதை அங்க சொல்லாதீங்க. சொன்னா எண்ட புள்ளைட விளையாட்டு முடிஞ்சிது. ஓய்வெடுத்தாக் குறையும் எண்டுதானே அந்த அம்மா சொன்னவ? குறையட்டும். மறுகாப் பாப்பம்.”

கதிர் வாசற்படியில் சப்பாத்து நூலைக் கட்டிக்கொண்டிருந்தான். தவராசா தொலைபேசியில் எப்போதும் சத்தமாகப் பேசுபவன்.

“மாமி, அந்த இடத்தைக் காட்டுங்க” என்றான்.

நான் காட்டினேன். அன்று தோணி சேற்றில் புதைந்திருந்தது. ரகு இறங்கித் தள்ளினான். அது விடுபட்டு நகர்ந்ததும் சிரித்துக்கொண்டு நிமிர்ந்தான், அப்படியே சரிந்தான். தோணியில் இருந்தவர்கள் உடனே தூக்கினார்கள். வயிற்றை அமுக்கியபோது வாயிலிருந்து தண்ணீர் வரவில்லை. சண்டைக் காலம். பிரேத பரிசோதனை எதுவும் நடக்கவில்லை; மாலையே அடக்கம் செய்தோம். வாவியில் இறந்தவன் என்பதால் வாவி கொண்டுபோனது என்று ஊர் சொன்னது. வீட்டிலும் அதுவே நிலைத்தது. பின்னர் நான் பத்திரிகை நிருபராக இருந்த காலத்தில் ‘நீரில் மூழ்கிப் பலி’ என்று எத்தனையோ தடவை எழுதினேன். செய்தியில் மரணக் காரணத்துக்கு அவ்வளவுதான் இடம்.

கதிர் காற்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கினான். சேறு கலங்கியது. சற்றுத் தூரம் போய் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தான். தண்ணீர் அவன் இடுப்பைத் தாண்டவில்லை.

“சித்தப்பா என்னைவிடக் கட்டையா?”

“உன்னைவிட உயரம்.”

கரைக்கு வந்து கால்களைக் கழுவினான். “அப்பாக்கு நான் சொல்லிக்கொள்ளுறன். நீங்க டாக்டருக்குச் சொல்லுங்க” என்றான்.

சொன்னேன். வைத்தியர் குறுக்கிடாமல் கேட்டு, இரண்டு கேள்விகள் கேட்டார். சான்றில் கையெழுத்திட முடியாது என்றார்.

மூன்று மாத ஓய்வு. மலேசியக் கழகம் ஒரு மாதம் காத்திருந்தது. பிறகு மரியாதையாக விலகிக்கொண்டது. தெரிவுப் பயிற்சி அவனில்லாமல் நடந்தது. அதை அவன் கைப்பேசியில் பார்க்கவில்லை. மைதானப் பக்கமாகப் போகாமல் சுற்றுவழியில் கடைக்குப் போய்வந்தான். ஓய்வு முடிந்து எக்கோ எடுத்தபோது சுவரின் தடிப்பு குறைந்திருக்கவில்லை. கொழும்பில் காந்தப் புலப் படம் (காந்தத்தின் உதவியால் உறுப்பின் உட்புறத்தை விவரமாகக் காட்டுவது) எடுத்தார்கள். தசையில் தழும்புகள் தெரிந்தன. இடது காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் ஒரு கருவி வைத்தார்கள் (தாளம் தவறினால் தானாக மின்னதிர்ச்சி கொடுத்து இதயத்தைச் சீராக்குவது). தொட்டால் தீப்பெட்டி போல் தட்டுப்படுகிறது. அந்தப் பக்கம் சரிந்து படுப்பதை அவன் விட்டுவிட்டான்.

இதே கேள்வியை எதிர்கொள்ளும் குடும்பங்களுக்கு ஒன்று சொல்லலாம். வைத்தியர் கேட்கும்போது, உங்கள் வீட்டில் வழங்கிவரும் காரணத்தோடு நிறுத்தாதீர்கள். அவர் எப்படி விழுந்தார், அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதைச் சொல்லுங்கள். முனி அடித்தது, வெயில் சாய்த்தது, வாவி எடுத்தது என்று நாம் முடித்துவைத்த மரணங்களில் சில முடியாமல் இருக்கலாம்.

இரத்த உறவுகள் எல்லோரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். மகனுக்கு இருப்பதால் தகப்பன் முதலில். “நான் என்ன ஓடுறனா, பாயிறனா?” என்று தவராசா தட்டிக்கழிக்கிறான். அவனுக்குப் பயம், பரிசோதனைக்கு அல்ல. தன்னிடமிருந்துதான் போனது என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிடுவார்கள் என்பதற்கு.

நான் செய்துகொண்டேன். அறுபது வயதில் என் இதயச் சுவர் சரியான அளவில் இருக்கிறது. வீட்டுக்கு வந்து அதைக் கதிரிடம் சொல்ல வாய் வரவில்லை. அவனாகவே கேட்டு, “நல்லம் மாமி” என்றான். அந்தச் சொல்லில் பொய் இருக்கவில்லை. அதுதான் எனக்குக் கடினமாக இருந்தது.

கடைசியாக மாதாந்தச் சோதனைக்குப் போன அன்று, நாங்கள் சந்தியை அடைந்தபோது மட்டக்களப்பு பஸ் நகரத் தொடங்கியிருந்தது. கண்டக்டர் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு கையசைத்தார். “ஓடியா தம்பி, ஓடியா!”

கதிரின் உடல் புறப்பட்டது. முன்காலில் பாரம் ஏறி, தோள் தாழ்ந்து, பந்தை நோக்கிப் போவதுபோல் இரண்டு எட்டு. பிறகு நின்றான்.

“உடம்பைப் பாத்தா பந்து அடிக்கிற ஆள் மாதிரி இரிக்கு. ஓட ஏலாதோ?” என்று கண்டக்டர் கத்தினார். பஸ்ஸுக்குள் யாரோ சிரித்தார்கள். புழுதி அடங்கியது.

“நீங்க ஓடியிருக்கலாம் மாமி” என்றான்.

“ஓடி?”

அவன் நடந்து வந்து என் பக்கத்தில் நின்றான். அடுத்த பஸ் எப்போது என்று இருவரும் யாரிடமும் கேட்கவில்லை. முன்பென்றால் அந்த நேரத்தில் அவன் குதிகாலைத் தூக்கித் தூக்கித் தசையைச் சூடாக்கிக்கொண்டிருப்பான். இப்போது இரண்டு பாதங்களும் நிலத்தில் முழுதாகப் பதிய நின்றான், நின்றுகொண்டிருப்பதே ஒரு வேலை என்பதுபோல.