வால்வுக்குள் பூசிய ஈயம்

எனக்கு எழுபத்து மூன்று வயது ஆகிறது. ஐந்து பேரை வளர்த்தேன். நான்கு பேர் நான் பெற்றவர்கள், ஒருத்தி என் தங்கை விட்டுப்போனவள். யார் வீட்டு வாசலிலும் போய் நிற்காமல் வளர்த்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் சொல்லப்போவதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

நான் சித்தூரில் பாத்திரக்காரர் வீட்டுப் பெண். என் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் பட்டறையில் தவலையும் அண்டாவும் தட்டினார்கள், பழைய பாத்திரங்களுக்கு ஈயம் பூசினார்கள். பள்ளிக்கூடத்தில் நான் இருந்தது இரண்டு வருஷம். எழுத்து ஒட்டவில்லை. ஆனால் ஒரு குடத்தை விரலால் சுண்டினால் எந்தப் பக்கம் விரிசல் என்று சொல்லிவிடுவேன். நகரிக்குத் தறிக்காரர் வீட்டு மருமகளாக வந்த பிறகும், தெருவில் யார் பித்தளைச் சாமான் வாங்கினாலும் என்னிடம் ஒரு முறை காட்டிவிடுவார்கள். பித்தளையில் எனக்குத் தெரியாதது இல்லை என்று ஊரே சொன்னது. நானும் அதை நம்பினேன்.

என் மூன்றாவது மகன் மற்ற நாளில் பவர்லூம் ஓட்டுவான். முகூர்த்த நாளில் திருப்பதியில் ஒரு பேண்டு செட்டில் டியூபா என்கிற பெரிய பித்தளைக் குழல் வாசிப்பான். அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு, அகன்ற வாய் முன்பக்கம் பார்க்க, ஊர்வலத்தின் கடைசி வரிசையில் நடப்பான். மற்றவர்கள் ஊதுவது காதுக்குக் கேட்கும். அவன் ஊதுவது வயிற்றுக்குக் கேட்கும். தறி அவனுக்குச் சோறு போட்டது, ஆனால் யார் கேட்டாலும் தன்னை டியூபாக்காரன் என்றுதான் சொல்லிக்கொள்வான். அது அவன் சொந்தக் கருவி. செட்டில் யாருக்கும் அதைத் தொடக் கொடுக்க மாட்டான்.

மாதம் ஒரு முறை பாயை விரித்து அதைக் கழற்றுவான். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். நடுவில் மூன்று கூடுகள் நிற்கும், அவைதான் வால்வு. ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் ஓட்டை போட்ட ஒரு தண்டு. மேலே பட்டனை அழுத்தினால் தண்டு இறங்கும், காற்று சுற்றுவழியில் போகும், சுதி கீழே இறங்கும். விரலை எடுத்தால் ஸ்பிரிங் தண்டைத் தூக்கிவிடும். ஆள்காட்டி விரலுக்கு ஒன்று, நடுவிரலுக்கு ஒன்று, மோதிர விரலுக்கு ஒன்று, எல்லாம் வலது கைக்குத்தான். இடது கை கருவியைப் பிடிக்கவும் ஸ்லைடை இழுக்கவும். ஸ்லைடு என்றால் வளைந்த குழாய், ஒன்றுக்குள் ஒன்று போவது. சித்திரை வெயிலில் பித்தளை சூடாகி சுதி மேலே ஏறும்போது, ஒரு விரற்கடை வெளியே இழுத்தால் சரியாகிவிடும் என்பான். அதற்குக் கெட்டியான கிரீஸ் தடவுவான். இழுத்த இடத்தில் நிற்க வேண்டுமே. வால்வுக்குத் தண்ணீர் போல எண்ணெய் நாலு சொட்டு. ஒன்றுக்குக் கெட்டி, ஒன்றுக்கு நீர்த்தது. ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவள் நான் இல்லை என்று நினைத்தேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் சித்திரையில் தறியின் பல்சக்கரத்தில் அவன் வலது கை மாட்டியது. மோதிர விரல் முழுசாகப் போனது. நடுவிரல் பாதி போனது.

பேண்டு மாஸ்டர் வீட்டுக்கு வந்து பார்த்தார். தெலுங்குக்காரர், நல்ல மனுஷர். ஆடியில் எப்படியும் கல்யாணம் இல்லை, அடுத்து வருகிற தெலுங்கு ஸ்ராவண மாதத்து முதல் முகூர்த்தம் வரை காத்திருக்கிறேன், அன்றைக்கு நீ வரிசையில் நின்றால் இடம் உன்னுடையது, இல்லாவிட்டால் நான் வேறு ஆள் பார்த்தே ஆக வேண்டும் என்று சொன்னார். என் மகன் தலையாட்டினான். அவர் போன பிறகு ரொம்ப நேரம் கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். பாதி நடுவிரல் இரண்டாவது பட்டனுக்குப் போதும். மூன்றாவதற்குச் சுண்டு விரலைப் பழக்கலாம், ஆனால் எட்டாது. அந்தப் பட்டனைத் திருகிக் கழற்றி, அதன் மேல் ஒரு சின்னப் பித்தளைத் தகட்டைச் சுண்டு விரல் பக்கமாக நீட்டிப் பற்றவைத்தால் எட்டிவிடும். காகிதத்தில் படம் போட்டுக் காட்டினான். பட்டனுக்கு மட்டும்தான் வேலை, அளவு பார்ப்பதற்காகத்தான் கருவி போகிறது என்று இரண்டு முறை சொன்னான். அவன் கைக்குச் சிகிச்சைக்காகத் திருப்பதி போக வேண்டிய வாரம் அது. என் அப்பாவிடம் தொழில் கற்றவர் ஒருவர் சித்தூர் பஜாரில் கடை வைத்திருந்தார். நானே எடுத்துப்போகிறேன் என்றேன்.

பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொள்ள முடியவில்லை, பக்கத்து சீட்டில் உட்கார வைத்தேன். கண்டக்டர் பார்த்துவிட்டு, "அவ்வா, இதேன்டி, கங்காளமா?" என்று கேட்டான். இது என்ன பாட்டி என்கிறான். தெலுங்கில் கங்காளம் என்றால் பெரிய அண்டா. பஸ்ஸே சிரித்தது. "பாடற கங்காளம், உன் கல்யாணத்துக்கு வரும், டிக்கெட்டைக் கிழி" என்றேன். அன்றைக்கு அவ்வளவு தைரியம் எனக்கு.

கடைக்காரர் என்னை விட எட்டு வயது சிறியவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். படத்தைப் பார்த்து அரை மணியில் தகட்டை வெட்டி, ராவி, பட்டனில் பற்றவைத்துவிட்டார். வேலை அத்தோடு முடிந்தது. நான் எழுந்து வந்திருக்க வேண்டும்.

மூன்றாவது வால்வில் காற்று கசிகிறது என்று மகன் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். தேய்ந்துபோய்விட்டதாம். அது எனக்கு நினைவு வந்தது. கை கெட்டவனுக்குக் கருவியாவது முழுசாக இருக்கட்டும் என்று நினைத்தேன். கூட்டுக்குள் ஈயம் பூசித் தரச் சொன்னேன்.

அவர் தண்டை உருவிக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "புள்ள பட்டன் மட்டும்தானே கேட்டுக்கிறான். உள்ள ஏன்க்கா கை வெக்கணும்?"

"காத்து ஒழுகுது. ஒழுகறதுக்கு ஈயம் பூசாம வேற இன்னா பூசுவ?"

"இது பாத்திரம் இல்லக்கா. உள்ள ஒண்ணு ஏறி எறங்கிக்கினு கீது. சூடு காட்டினா பக்கத்து ஒட்டெல்லாம் விட்டுக்கும்."

"எங்க நைனா பட்டறையில தொழில் கத்துக்கினு எனக்கே சொல்றியா? பூசு."

அவர் அடுப்பை ஊதினார். கூட்டைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, ஈயத்தை உருக்கிப் பஞ்சால் உள்ளே தேய்த்தார். வெள்ளி மாதிரி மின்னியது. நான் திருப்தியாகப் பார்த்தேன். ஆறிய பிறகு தண்டை இறக்கினார். பாதியில் நின்றுவிட்டது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், கொஞ்சம் இறங்கியது, மறுபடி நின்றது. ஓங்கி அழுத்தியதில் இறங்கிய தண்டு மேலே வரவில்லை. அதற்குள் கூட்டின் பக்கத்தில் ஒட்டியிருந்த ஒரு குழாய் சூட்டில் விட்டுக் கோணலாகிவிட்டது தெரிந்தது. அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் யாரும் எதுவும் கேட்கவில்லை.

வீட்டில் மகன் சுண்டு விரலைத் தகட்டின் மேல் வைத்து அழுத்தினான். அழகாக எட்டியது. பட்டன் அசையவில்லை. மூடியைத் திருகி உள்ளே பார்த்தான். இது என்ன என்று கேட்டான். நான் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் கடைக்காரர் தன்னிஷ்டத்துக்கு ஏதோ செய்துவிட்டார் என்று சொன்னேன். யோசித்துச் சொன்னது இல்லை. வாயைத் திறந்தேன், அது வந்துவிட்டது.

மறுநாள் காலையில் அவன் சித்தூருக்குக் கிளம்பினான். கூடவே நானும் போனேன், தடுக்கலாம் என்று. பஜாரில் பத்துக் கடைக்காரர்கள் பார்க்க அவரைப் பேசினான். தொழில் தெரியாதவன், குடிகாரன், ஊனமானவன் பிழைப்பில் கை வைத்தவன். அவர் குடிக்கிறவர் இல்லை. நான் பின்னால் நின்றேன். அவர் என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவனிடம், "கை தவறிடுச்சுப்பா, என் மேலதான் தப்பு" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார்.

மகன் டியூபாவைச் சென்னையில் ஒரு ரிப்பேர்காரரிடம் எடுத்துப்போனான். கூடு வட்டம் மாறிவிட்டது, ஈயத்தைச் சுரண்டினாலும் பயனில்லை, இந்த மாடலுக்கு வால்வு தனியாகக் கிடைக்காது என்று அவர் சொல்லிவிட்டார். இன்னொன்றும் சொன்னாராம். தண்டுக்கும் கூட்டுக்கும் நடுவில் முடி அளவு கூட இல்லாத ஒரு சந்து வேண்டும், அதில் எண்ணெய் நிற்கும், அந்த எண்ணெய்தான் காற்றை அடைக்கும். ஸ்லைடு இறுகி நிற்க வேண்டியது, வால்வு இறுகவே கூடாதது. இதை மகன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். பாத்திரக்காரிக்குச் சந்து என்றால் பழுது. வேறு விதமாக எனக்கு யோசிக்கத் தெரிந்திருக்கவில்லை.

புதிது வாங்க எங்களிடம் பணம் இல்லை. ஸ்ராவணத்து முதல் முகூர்த்தத்தில் வேறு ஒருவர் கடைசி வரிசையில் நின்றார். என் மகன் இப்போது ஸ்ரீசிட்டி பக்கம் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக இருக்கிறான். எங்கள் தெருவில் ஊர்வலம் வந்தால் எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுகிறான். பேண்டு ஓய்ந்த பிறகுதான் வருவான்.

கடைக்காரர் பேர் பஜாரில் கெட்டுப்போனது. அடுத்த வருஷமே கடையை மூடிவிட்டு நாயுடுபேட்டையில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். போன மாதம் இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. என் மகனிடம் சொன்னேன். "செத்தா சாவட்டும்" என்றான். அந்தச் சொல் அவருக்குப் போகவேண்டியது இல்லை. அதனால்தான் இதைச் சொல்லி எழுத வைத்தேன். அவனிடம் நேராகச் சொல்ல மூன்று முறை போனேன். மூன்று முறையும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

இவ்வளவுதான் கண்ணு. நான் சொன்னதை ஒன்றும் விடாமல் எழுதினாய் அல்லவா? எழுதும்போது நீ அழுததைப் பார்த்தேன். இப்போது முதலில் இருந்து படி. உன் நைனா வேலை முடிந்து வந்து வெளியே செருப்பைக் கழற்றுகிறான். அவனுக்குக் கேட்கிற மாதிரி படி.