விழுங்கும் வரை

உக்கடத்தில் பதினோரு வருடமாக வீட்டுத் தொட்டியில் வளர்க்கும் கடல் மீன் விற்கும் ரெபேக்காவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வாங்க வந்தவரின் கண்ணெதிரே இரை தின்னாத மீனை அவர் விற்க மாட்டார். கோபித்துக்கொண்டு போனவர்கள் ஏராளம். போகட்டும் என்பார்.

அன்று கிணத்துக்கடவிலிருந்து மதன்குமார் வந்திருந்தார். வியாழக்கிழமை அவர் வீட்டுக் கிரகப்பிரவேசம். கூடத்தில் தொட்டி தயார். அவர் கேட்டது, மஞ்சள் உடம்பில் ஊதாக் கோடுகள் ஓடும் ஒரு வண்ணத்துப்பூச்சி மீன். உயிருள்ள பவளத்தைக் கொத்தித் தின்னும் சாதி அது. வீட்டுத் தொட்டியில் வேறு இரைக்குப் பழகுவது அபூர்வம். கடைக்கு வந்து ஆறு நாளாக எதையும் தொடவில்லை.

ரெபேக்கா இறால் துணுக்கு ஒன்றை நீரில் விட்டார். இருவரும் கண்ணாடியை ஒட்டி நின்றார்கள். மீன் கிட்டே வந்தது, விலகியது. மறுபடி வந்து சட்டென்று வாய்க்குள் இழுத்துக்கொண்டது.

“தின்னுருச்சு பாருங்க. கட்டிக் குடுங்க.”

“இருங்க. முழுங்கட்டும்.”

மீன் அசையாமல் நின்றது. செவுள் மட்டும் துடித்தது. பிறகு இறால் முழுசாக வெளியே வந்து மணலில் விழுந்தது.

“எங்கூட்டுக்கு வந்தா பழகிக்குமுங்க,” என்றார் மதன்குமார்.

“பழகாதுங்க. உங்க விசேஷம் முடியறதுக்குள்ள செத்துப்போயிரும்.”

“இங்கிருந்தாலும் சாகத்தானுங்க போகுது?”

“ஆமாங்க,” என்றார் ரெபேக்கா, தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். “அழகா இருக்குதுன்னு வரவழைச்சது நானுங்க. என்ற கண்ணு முன்னாலயே சாகட்டும்.”